வல்லநாட்டு உடங்காட்டுக்கு முதல்தடவை போறவங்களுக்கு

திருநெல்வேலியில காடு பாக்கணும்னு கேட்டா எல்லாரும் மேக்கதான் கைய காட்டுவாங்க. பாபநாசம், முண்டந்துறை, மாஞ்சோலை, களக்காடு. நல்ல காடுதான், நானும் போவேன். ஆனா கிழக்க தூத்துக்குடி ரோட்டுல ஒரு அரைமணி நேரம் போனா வல்லநாட்டு மலையச் சுத்தி ஒரு காடு கெடக்கு, அதக் காடுன்னே யாரும் கணக்குல எடுக்குறதில்ல, பஸ்சுல போறப்ப ஜன்னல் வழியா ஒரு பார்வை பாத்துட்டு "என்னடே ஒரே பொட்டக்காடா கெடக்கு"ன்னு சொல்லிட்டு திரும்பவும் போன நோண்ட ஆரம்பிச்சிருவாங்க. அந்தப் பொட்டக்காட்டுலதான் வெளிமான், இங்கிலீஷ்ல பிளாக்பக்னு சொல்லுவாங்களே, அது மேயுது. இந்தியாவுல தானா காட்டுல வாழுற வெளிமான் கூட்டங்கள்லயே கடைசித் தெக்குக் கூட்டம் இதுதான், இதுக்குத் தெக்க வேற கெடையாது. 1987-ல சரணாலயமா அறிவிச்சாங்க, மொத்தமே 16.41 சதுர கிலோமீட்டர்தான். இன்னைக்கு அது தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ள வருது, ஆனா மாவட்டம் பிரிஞ்சது 1986-லதான, மண்ணும் காத்தும் பேச்சும் எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான்.

தெரிஞ்சவங்க அப்பப்ப போன் போட்டு எப்படிப் போகணும், என்ன கொண்டு போகணும், மான் கண்டிப்பா தெரியுமான்னு கேக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லுறதுக்கு மொத்தமா எழுதிருதேன்.

மொதல்ல ஒரு விஷயத்த மனசுல போட்டுக்கிடுங்க. இங்க ஜீப் சஃபாரி கெடையாது, அருவி கெடையாது, நிழலே கம்மி. கண்ணுக்கு எட்டுற தூரம் குடை விரிச்ச மாதிரி உடை மரம், நடுநடுவ புல்லு, செம்மண்ணு, சரளைக்கல்லு, கள்ளி. நான் மொதல்தடவை போனப்ப காலைல பத்தரை மணிக்குப் போயி, பளிச்சுனு வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு, நாலு மணி நேரம் விடாம நடந்தேன். ஒத்த மானக்கூட பாக்கல. மயில் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அன்னைக்குப் புரிஞ்சது என்னன்னா, இந்தக் காட்டுல நடக்க நடக்க எல்லாம் நம்மள விட்டு விலகிப் போவும், உக்காந்தாத்தான் வரும். இனிமே சொல்லப் போறது எல்லாமே அந்த உக்காருறதுக்கான ஏற்பாடுதான்னு வச்சுக்கிடுங்களேன்.

அனுமதி

சரணாலயம்னா சும்மா வேலியத் தாண்டி உள்ள போயிர முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேணும். ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே வனத்துறை ஆபீஸ்ல பேசிருங்க, எத்தனை பேரு, எந்தத் தேதி, எதுக்கு வாறீங்கன்னு சொல்லுங்க, ஆதார் ஜெராக்ஸ் கையில இருக்கட்டும். உள்ள போறப்ப வாட்சர் ஒருத்தர் கூட வந்தா அதவிட நல்லது எதுவும் இல்ல. எந்தப் பக்கம் நேத்து கூட்டம் நின்னுச்சு, எந்தத் தொட்டியில தண்ணி இருக்கு, எந்தப் பாதையில பாம்பு அதிகம்னு அவங்களுக்குத்தான் தெரியும். நாலு பேருக்கு மேல போகாதீங்க. காலேஜ் பசங்க பத்து பதினஞ்சு பேரு ஒண்ணா போனா அது டூரு, காடு பாக்குறது இல்ல. ட்ரோன் கொண்டு போற யோசனையே வேண்டாம்.

எப்போ போகணும்

என்னைக் கேட்டா மார்கழி, தை, மாசி. ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை பெஞ்சு முடிச்சு, புல்லு எழும்பி, பச்சை இன்னும் மிச்சம் இருக்குற நேரம். அப்ப வந்தீங்கன்னா இது பொட்டக்காடுன்னு சொன்ன வாய் தானா மூடிக்கிடும். சித்திரை வைகாசியிலயும் மான் தெரியும், சொல்லப்போனா ஈசியாவே தெரியும், ஏன்னா புல்லு காஞ்சு தண்ணிக்கு அலையும், வனத்துறை கட்டி வச்சிருக்குற தொட்டிப் பக்கமா வரும். ஆனா அந்தத் தொட்டிப் பக்கத்துல நாம போயி குந்திக்கிட்டா அது தாகத்தோட தூரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கும், கிட்ட வராது. அதுனால கோடையில நான் போறத விட்டுட்டேன். ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா மேலக்காத்து போட்டுத் தாக்கும், மழை இருக்காது, காத்து மட்டும்தான், கண்ணுல மண்ணு விழும்.

நேரம்னு பாத்தா காலைல ஆறுல இருந்து ஒம்பது, சாயங்காலம் நாலுல இருந்து வெளிச்சம் இருக்குற வரைக்கும். நடுவுல வெயில் ஏறினா மானும் உடை நிழல்ல படுத்து அசை போடும், கண்ணுக்கு முன்னாடி கெடந்தாலும் தெரியாது.

என்ன கொண்டு போகணும்

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், வெயில் காலமா இருந்தா மூணு. இதுல கஞ்சத்தனம் வேண்டாம், உள்ள பெட்டிக்கடை எதுவும் இல்ல. மண்ணு கலர், காஞ்ச புல்லு கலர்ல முழுக்கை சட்டை, தொப்பி, கனமான அடி இருக்குற ஷூ. செருப்புப் போட்டுட்டுப் போகாதீங்க, உடை முள்ளு நீளமா வெள்ளையா ஊசி மாதிரி இருக்கும், மெல்லிசு ரப்பர் செருப்புன்னா ஏறி காலுக்குள்ள வந்துரும், நிமிந்து பாத்தா அதே கொப்புல குட்டையா வளைஞ்ச முள்ளு இன்னொண்ணு இருக்கும், அது சட்டையப் பிடிச்சா விடாது, இழுக்காம பின்னாடி ஒரு எட்டு வச்சு கழட்டணும். பைனாகுலர் எட்டுக்கு நாப்பத்திரெண்டு, அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டுற, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் உள்ளது, போதும். கேமரா இல்லைன்னாலும் பைனாகுலர் இல்லாம போகாதீங்க. சாப்பாடு, மொளகாப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி வாழை இலையில கட்டி எடுத்துட்டுப் போறதுதான் நமக்குச் சரி, கெடாது, குப்பையும் இல்ல. சிப்ஸ் பாக்கெட் மொறுமொறுன்னு பிரிக்கிற சத்தம் காலை அமைதியில எவ்வளவு தூரம் கேக்கும்னு அங்க போனாத்தான் தெரியும். சென்ட்டு போடாதீங்க.

போற வழி

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுல தூத்துக்குடி பஸ் அடிக்கடி இருக்கு, ஆனா இடையில நிக்காத பஸ்சுல ஏறிட்டா வல்லநாட்ட ஜன்னல் வழியா பாத்துட்டு நேரா தூத்துக்குடிதான் போவணும், அதுனால கண்டக்டர்கிட்ட "வல்லநாடு நிக்குமா அண்ணாச்சி"ன்னு கேட்டுட்டு ஏறுங்க. விடிகாலைல உள்ள இருக்கணும்னா பைக்கோ காரோ தான் சரிப்படும். போற வழியில தாமிரபரணியக் கவனிங்க. ஆத்தங்கரையில வாழையும் நெல்லுமா பச்சைப் பசேல்னு கெடக்கும், அங்கேருந்து சட்டுனு கொஞ்ச தூரத்துல முள்ளுக்காடு ஆரம்பிச்சிரும். ஆத்துத் தண்ணி பாயுற எடம் ஒண்ணு, மழையை மட்டும் நம்பியிருக்குற எடம் ஒண்ணு, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி.

உள்ள போனதும்

ஒடனே நடக்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. கொஞ்சம் பொடிமண்ண எடுத்து விரல் இடுக்கு வழியா விட்டுப் பாருங்க, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியும். காத்து நம்ம மூஞ்சியில அடிக்கணும், முதுகுல அடிக்கக்கூடாது. வெளிமானுக்கு மூக்கையும் காதையும் விட கண்ணுதான் பெருசு, அதுனால மேட்டுல ஏறி வானத்துக்கு எதிரா நிக்காதீங்க, நம்ம உருவம் கறுப்பா வெட்டித் தெரியும். மரத்தோட ஓரமாவே போங்க.

அப்புறம் தரையப் பாருங்க. இந்தக் காட்டுல பாதி விஷயம் தரையிலதான் எழுதியிருக்கு. குளம்புத்தடம் ஆட்டோடது மாதிரியே இருக்கும், ஆனா உத்துப் பாத்தா மானோடது ஒடுங்கி முன்பக்கம் கூரா இருக்கும், ஆட்டோடது முனை மழுங்கி அகலமா இருக்கும். ஒரே எடத்துல புழுக்கை குமிச்சலா கெடந்துச்சுன்னா, புதுசும் பழசுமா, மேல உள்ளது கறுத்து ஈரமா, அடியில உள்ளது வெளுத்து உதிருற மாதிரி, அது கடாமானோட எடம். தெனமும் அதே எடத்துல வந்து போட்டுட்டுப் போகும், இது என் எல்லைன்னு மத்த கடாவுக்குச் சொல்லுற வேலை அது. புழுக்கை பளபளன்னு ஈரமா இருந்தா சுத்திப் பாத்து அங்கனயே உக்காந்துருங்க, ஆனா குமிச்சலுக்கு மேலயே உக்காராம ஒரு அம்பது அறுவது அடி தள்ளி.

ஒருதடவை கூட வந்த வாட்சர் அண்ணாச்சி என்னய நிறுத்தி, "தம்பி, இத பாருங்க"ன்னு ஒரு குச்சியக் காட்டினாரு. மொழங்கால் உசரத்துக்கு காஞ்ச குச்சி, முனையில தார் ஒட்டின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, கடுகு சைஸ். பிசின்னு நெனச்சேன். இல்ல, மானோட கண்ணுக்கு முன்னாடி ஒரு குழி மாதிரி சுரப்பி இருக்கு, கடாமான் தலையக் குனிஞ்சு அந்தக் குழிய குச்சி முனையில கவனமா வச்சுத் தேச்சு விட்டுட்டுப் போகும், இதுவும் எல்லைக்கல்லுதான். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்துல கூரான குச்சிய வச்சு தேய்க்குதேன்னு எனக்கு அன்னைக்கு முழுக்க அதே நெனப்பு. அதுக்குப் பெறகு எங்க போனாலும் குச்சி முனையப் பாக்குறது பழக்கமாயிட்டு.

மரத்தையும் பாத்துக்கிட்டே போங்க. உடைதான் அதிகம், குடைவேல்னும் சொல்லுவாங்க, மேல தட்டையா வெட்டி விட்ட மாதிரி இருக்கும். அதோட நெத்து அருவா மாதிரி வளைஞ்சு இருக்கும், காஞ்சு உதிந்தா மானும் திங்கும் ஆடும் திங்கும். அதுபோக விராலி, இலந்தை, சூரை, விடத்தலை, சதுரக்கள்ளி, ஆவாரம், பிரண்டை. சூரைப் புதர்கிட்ட மட்டும் கவனம், முள்ளு கொக்கி மாதிரி. சீமைக்கருவேலமும் புகுந்து நிக்கி, அது எனக்கு வயித்தெரிச்சல். அது மண்டுச்சுன்னா அடியில புல்லு வராது, மானுக்கு மேயுறதுக்கும் ஓடுறதுக்கும் தெறந்த வெளி வேணும், பேருலயே வெளி இருக்குல்லா. காடுன்னா மரம் அடர்த்தியா இருக்கணும்னு நெனச்சு இந்த மாதிரி எடத்துல போயி மரக்கன்னு நடுறேன்னு கெளம்புறவங்கள நான் பாத்திருக்கேன், நல்ல மனசுதான், ஆனா தயவுசெஞ்சு இங்க வேண்டாம், புல்வெளியப் புல்வெளியாவே விடணும்.

இப்ப உக்காருங்க. மரத்தடியில, முதுகு மரத்தோட ஒட்டி, காலுக்கு அடியில கல்லப் பெரட்டிப் பாத்துட்டு, தேள் பூரான் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு. போன சைலன்ட்ல போடுங்க. மொதல் பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காது. அதுக்குப் பெறகு காடு நம்மள மறக்க ஆரம்பிக்கும். மொதல்ல கரிச்சான் வந்து முன்னாடி உள்ள முள்ளுல உக்காரும். கவுதாரி ஜோடி ஓடும். காட்டுமுயல் ஒண்ணு புதருக்கு அடியில காத மடக்கிக்கிட்டு இவ்வளவு நேரமும் அங்கனயே இருந்திருக்கும், அப்பத்தான் தெரியும். பனங்காடை பறக்குறப்ப றெக்கையில அந்த நீலத்த பாருங்க. ஆள்காட்டி கத்திச்சுன்னா மட்டும் அசையாதீங்க, அது யாரோ வாறாங்கன்னு ஊருக்கே சொல்லுது, மானும் அதக் கேட்டுத் தலையத் தூக்கும், அது கத்தி ஓயுற வரைக்கும் கைய கூட ஆட்டக்கூடாது.

மான் வந்தாச்சுன்னா

பொட்டைமானும் குட்டிகளும்தான் பெரும்பாலும் முன்னாடி வரும், காஞ்ச புல்லு கலர், வயிறு வெள்ளை, கொம்பு கெடையாது. ஒண்ணு மேயுறப்ப ஒண்ணு தலைய நிமித்திப் பாத்துக்கிட்டே இருக்கும். கடா தனியா நிக்கும் இல்ல கூட்டத்துக்குப் பின்னால வரும். வயசான கடான்னா முதுகும் கழுத்தும் கருங்காவி கலர்ல இருந்து கறுப்பு வரைக்கும் போகும், வயிறும் கண்ணச் சுத்தின வளையமும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை, முறுக்கு மாதிரி திருகுன கொம்பு ரெண்டும் விரிஞ்சு மேல போகும். இளசா இருந்தா கடாவும் பழுப்பாத்தான் இருக்கும், மூணு வயசு வாக்குலதான் கறுக்கும், வருஷம் பூரா ஒரே கறுப்பாவும் இருக்காது, அதுனால கறுப்பா இல்லையேன்னு ஏமாந்துராதீங்க. பழைய தமிழ்ல இதுக்கு இரலைன்னு பேரு.

நிறையப் பேரு இதையும் புள்ளிமானையும் ஒண்ணாக் குழப்பிக்கிடுதாங்க. வல்லநாட்டுல புள்ளிமானும் இருக்கு. புள்ளிமான் கொம்பு கெளை விடும், வருஷா வருஷம் உதிந்து திரும்ப முளைக்கும். வெளிமான் கொம்பு கெளை விடாது, உதிராது, ஆயுசுக்கும் அதே கொம்புதான். உதிந்து கெடக்குற புள்ளிமான் கொம்பு கண்ணுல பட்டா ஆசையா எடுத்துப் பையில போட்டுராதீங்க, அதுவும் குத்தம்தான், வாட்சர்கிட்ட சொல்லிருங்க போதும்.

கூட்டத்துல எல்லாம் ஒரே நேரத்துல தலையத் தூக்கி ஒங்களையே பாத்துச்சுன்னா நீங்க தப்பா எதையோ பண்ணிட்டீங்கன்னு அர்த்தம், அப்படியே இருங்க. ஒண்ணு நாலு காலையும் ஒண்ணாத் தூக்கி ரப்பர் பந்து மாதிரி எம்பிக் குதிச்சா, அதப் பாத்து அடுத்தது, அடுத்தது, அப்புறம் மொத்தக் கூட்டமும் ஓட்டம்தான். பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அது பயத்துல ஓடுது. படம் எடுக்கணும்னு பின்னாடியே ஓடுறது, கல்லெறிஞ்சு எழுப்பி விடுறது, வண்டிய விட்டு விரட்டுறது இது எதுவுமே கூடாது, ரொம்ப தூரம் விரட்டுனா பயத்துலயும் களைப்புலயும் பெறவு செத்துக்கூடப் போயிரலாம். இது சட்டத்துல புலியோட சேத்து மொதல் பட்டியல்ல உள்ள மிருகம், தொந்தரவு பண்ணினா கேஸ் லேசுல முடியாது, வேட்டைக்கு மூணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில்.

ஒண்ணு முக்கியமா சொல்லணும். புல்லுக்குள்ள சின்னக்குட்டி ஒண்ணு தனியா, அசையாம, கழுத்த நீட்டித் தரையோட தரையா படுத்துக் கெடந்தா அது தாயில்லாத குட்டி கெடையாது. பொறந்த மொத நாட்கள்ல தாய் அத அப்படி ஒளிச்சு வச்சுட்டுத்தான் மேயப் போகும், கொஞ்ச தூரத்துல நின்னு நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கும், நாம போனாத்தான் வந்து பால் குடுக்கும். தொடாதீங்க, தூக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, பக்கத்துல நின்னு படம் எடுக்காதீங்க. வந்த வழியே பின்னாடி நடந்து போயிருங்க. பாவம்னு தூக்கிட்டு வந்தா அப்பத்தான் அது அநாதை ஆகும்.

பாம்பு

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் எல்லாம் உண்டு. பயப்பட வேண்டாம், கால் வைக்கிற எடத்தப் பாத்து வச்சா போதும், கல்லு இடுக்குல கைய விடாதீங்க, புல்லு ஒசரமா இருக்குற எடத்துல குச்சியால தட்டிக்கிட்டே போங்க. ஒருவேளை கடிச்சிருச்சுன்னா கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, பாம்பைத் தேடி அடிக்கவும் போகாதீங்க. கடிபட்டவர நடக்க விடாம, கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாம, 108-க்குப் போன போட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. மந்திரிக்கிறவர்கிட்ட போயி நேரத்தக் கழிக்காதீங்க.

மாசி பங்குனிக்குப் பெறகு புல்லு பூரா காஞ்சு சருகா கெடக்கும், பீடி சிகரெட் தீப்பெட்டி எதுவுமே உள்ள கொண்டு போகக்கூடாது. ஒரு தீப்பொறி போதும், குட்டி போட்ட மான், முட்டையிட்ட ஆள்காட்டி, வேகமா ஓட முடியாத பச்சோந்தி எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

வல்லநாட்டுக்கு அனுமதி கெடைக்க நாளாச்சுன்னா கங்கைகொண்டான் பக்கம் விசாரிச்சுப் பாருங்க. மதுரை ரோட்டுல, 2013-ல புள்ளிமான் சரணாலயமா ஆக்கினாங்க, ரொம்பச் சின்னது, 288 எக்டேர்தான். அதுவும் இதே மாதிரி வறண்ட காடுதான். ஆனா பக்கத்துல நாலுவழிச் சாலையும் ரயில் தண்டவாளமும் இருக்குறதால அங்க மான் அடிபட்டுச் சாகுறது தீராத வேதனை, ராத்திரியும் விடிகாலையிலயும் அந்த வழியா வண்டி ஓட்டுறவங்க வேகத்தக் கொறைங்க, ஒரு மான் குறுக்க போச்சுன்னா பின்னாடியே இன்னொண்ணு வரும்னு வச்சுக்கிட்டு காத்திருங்க.

திரும்பி வாறப்ப பேண்ட்டுல ஒட்டியிருக்குற புல்லு விதையெல்லாம் அங்கனயே தட்டி உதறிருங்க, கொண்டு போன குப்பைய மட்டும் கொண்டு வாங்க. வாட்சர்கிட்ட எத்தனை உருப்படி பாத்தீங்க, எந்தப் பக்கம், கடா எத்தனை, குட்டி எத்தனைன்னு சொல்லிட்டு வாங்க, அவங்களுக்கு அது உதவும். முக்கியமா உள்ள தெருநாய் எதையாவது பாத்தீங்கன்னா எந்த எடம், என்ன நேரம், எத்தனை நாய்னு மறக்காம சொல்லணும். நாய்க்கூட்டம் சுத்தி வளைச்சா குட்டிமானால தப்பிக்க முடியாது. நான் போன தை மாசம் தொட்டிப் பக்கம் மூணு நாய பாத்துச் சொன்னேன், அண்ணாச்சி சாப்பாட்ட அப்படியே மூடி வச்சுட்டு கம்ப எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு.